ரத்தத்தில ஊறினதோ? – வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இலங்கையின் வன்னிப் பகுதியில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் ஆசிரியர்களுக்கும் உளவளத்துணைப் பயிற்சிக்கு வருபவர்களுக்கும் சில வருடங்களாக வகுப்பெடுத்து வருகிறேன். மன அழுத்தம், பிள்ளை வளர்ப்பு, நினைவாற்றல் என்று எதைத் தொடங்கினாலும் தேநீர் வேளைக்குள் கதை ஒரே இடத்தில் போய் நிற்கும்: "அது அவையின்ர ரத்தத்தில ஊறினது, சேர்." அந்த 'அவை' யார் என்பது மட்டும் இடத்துக்கு இடம் மாறும். கிளிநொச்சியில் ஒரு கூட்டம், ஒட்டுசுட்டானில் இன்னொன்று, வவுனியா பஸ் நிலையத்தடியில் மூன்றாவது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். வகுப்பில் நேரம் போதாமல் அரைகுறையாகச் சொன்ன பதில்கள் இங்கே கொஞ்சம் நீண்டிருக்கின்றன.

"ரத்தத்தில ஊறினது" எண்டு நாங்கள் சொல்லுறதுக்கு உளவியலில பெயர் ஏதும் இருக்கோ?

உண்டு. சாராம்சவாதம் என்பார்கள். வெளியே தெரியும் குணம், பேச்சு, பழக்கம் எல்லாவற்றுக்கும் அடியில் மாறாத ஏதோ ஒன்று இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் பிறந்த எல்லோரிடமும் அது இருக்கிறது. அதுதான் அவர்களை அப்படி நடக்க வைக்கிறது என்ற நம்பிக்கை.

1989 இல் டக்ளஸ் மெடின், அன்ட்ரூ ஓர்ட்டனி என்ற இருவர் இதைப்பற்றி எழுதியபோது ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டினார்கள். பொருள்களுக்கு உண்மையிலேயே அப்படியொரு சாரம் உண்டா என்பது மெய்யியலாளர்களின் தலையிடி. மனிதர் அப்படி இருப்பதாக எண்ணி நடக்கிறார்கள் என்பதுதான் உளவியலுக்கு வேண்டியது. அந்தச் சாரம் இன்னதென்று நம்புகிறவருக்கே தெரிந்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்பப் படிவத்தில் நிரப்பாத கட்டம் மாதிரி அதை வெறுமையாக விட்டு வைத்திருப்பார். எங்கட பெரியாக்கள் அந்தக் கட்டத்தில் ரத்தம், பரம்பரை, மண், தண்ணி என்று எழுதினார்கள். உயிரியல் படித்த பிள்ளைகள் இப்போது அதிலேயே டிஎன்ஏ என்று எழுதுகிறார்கள். கட்டம் அதே கட்டம்தான்.

படிப்பறிவு இல்லாததால வாற யோசனையோ இது?

இல்லை. விதை நெல் எடுத்து வைக்கிற எந்த விவசாயியும் சாராம்சவாதிதான், அதில் பிழையும் இல்லை. சுரை விதைத்தால் சுரைதான் முளைக்கும். ஆட்டக்காரி நெல்லை எந்த வயலில் எறிந்தாலும் அது மொட்டைக்கறுப்பன் ஆகாது. பயிர், பிராணிகள் விடயத்தில் இந்த யோசனை நன்றாக வேலை செய்கிறது. நாலைந்து வயதுப் பிள்ளைகளிடமே இதன் முளையைக் காணலாம் என்று சூசன் ஜெல்மன் நீண்டகால ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

பிராங்க் கைல் என்பவர் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார். ரக்கூன் என்ற பிராணிக்கு (எங்கட மரநாய் அளவு வரும்) மயிருக்குச் சாயம் அடித்து, நாற்றம் வீசும் பையொன்றையும் வைத்து, அப்படியே ஸ்கங்க் என்ற வேறு பிராணி மாதிரி ஆக்கிவிட்டார்கள். இப்போது அது என்ன? சின்னஞ்சிறுசுகள் ஸ்கங்க் என்றன. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள், என்ன செய்தாலும் அது ரக்கூன்தான் என்றார்கள்.

நெல்லுக்கும் மரநாய்க்கும் பொருந்துகிற இந்தக் கணக்கை அப்படியே தூக்கி மனிதக் கூட்டங்களின் மேல் வைக்கும்போதுதான் சிக்கல்.

"வன்னியான் சோம்பேறி" எண்டு யாழ்ப்பாணத்தில ஒரு காலம் சொன்னவை. முழுப் பொய்யோ, இல்லை ஏதும் இருக்கோ?

எனக்குப் பிடித்த கேள்வி. சாராம்சவாதம் எப்படி ஏமாற்றுகிறது என்பதற்கு எங்கள் வீட்டு முற்றத்திலேயே கிடைக்கும் சாட்சி இது.

என் தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள் கண்டது பொய்யல்ல. பகல் பத்து மணிக்குத் திண்ணையில் படுத்திருக்கும் ஆண்களை, வயிறு ஊதிய பிள்ளைகளை, உழாமல் கிடக்கும் வயலைக் கண்டார்கள். கண்டதற்கு ஒரு காரணம் வேண்டும். கையில் கிடைத்த காரணம் "அவையின்ர பிறவிக்குணம்".

உண்மைக் காரணம் நுளம்பு. குளமும் காடும் சேர்ந்த வன்னி மலேரியாவின் தாய்வீடாக இருந்தது. மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் ரத்தம் குறையும், மண்ணீரல் வீங்கும், உடம்பில் உழைக்கப் பலம் இராது. அந்த ஊதிய வயிறுகளில் பல வீங்கிய மண்ணீரல்கள்தான். 1946 அளவில் டிடிடி என்ற நுளம்பு மருந்தின் தெளிப்புத் தொடங்கியது. 1963 இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். பிறகு அது திரும்பி வந்து, போர்க்காலத்தில் எங்களை மறுபடி வாட்டி, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

மலேரியா அடங்கியதோடு 'பிறவிக்குணமும்' போய்விட்டது. அதே வன்னியாரின் பிள்ளைகள் இரண்டு போகம் விதைத்தார்கள். குணம் ரத்தத்தில்தான் இருந்தது என்று பகிடியாகச் சொல்லலாம். ஆனால் அது ஒட்டுண்ணியாக இருந்தது, ஊசி முனையில் ஒரு துளி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கக் கூடியதாக.

கவனிக்க வேண்டியது ஒன்று. யாழ்ப்பாணத்தவர் வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் "பாவம், காய்ச்சல்". வன்னியில் ஊரே படுத்தால் "அவை அப்பிடித்தான்". எங்கட ஆளுக்குச் சூழ்நிலை, மற்ற ஆளுக்குப் பிறவி.

குழு அடையாளம் எண்டுறது இதுக்குள்ள எங்க வருகுது?

நடு மையத்தில் வருகிறது. பலரும் நினைப்பது இப்படி: எங்களுக்குள் பொதுவாக ஏதோ இருக்கிறது, ஆகவே நாங்கள் ஒரு கூட்டம். நான் பார்த்தவரை பெரும்பாலும் நடப்பது தலைகீழாக. முதலில் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம் என்று ஆன பிறகு, பொதுவான சாரத்தை நாங்களே தேடிக் கண்டுபிடிக்கிறோம்.

கோடு எவ்வளவு அற்பமாக இருக்கலாம் என்பதை ஹென்றி தஜ்ஃபெல் என்ற உளவியலாளர் காட்டினார். போலந்தில் பிறந்த யூதர். பிரான்சில் படித்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் உலகப்போர் வெடித்தது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜேர்மனியரிடம் போர்க்கைதியானார். பிரெஞ்சுக்காரராகக் காட்டிக்கொண்டதால் உயிர் தப்பினார். போலந்து யூதர் என்று தெரிந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். அதே உடம்பு, அதே ஆள். எந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதில் சாவும் வாழ்வும். 'அகதி', 'மீள்குடியேறியவர்', 'புனர்வாழ்வு பெற்றவர்' என்று பட்டியல்களுக்கு நடுவே வாழ்ந்த எங்களுக்கு இது புரியாத கதையல்ல.

அவர் 1971 இல் வெளியிட்ட பரிசோதனையில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளிப் பையன்களுக்குப் பால் கிளே, கண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களின் படங்களைக் காட்டி, இவருக்குப் பிடித்தது கிளே, அவருக்குப் பிடித்தது கண்டின்ஸ்கி என்று இரு குழுவாகப் பிரித்தார்கள். பிரிப்பு உண்மையில் சீட்டுக் குலுக்கியது மாதிரித்தான். முகம் தெரியாது, கதைத்ததும் இல்லை. அப்படியிருந்தும் காசு பங்கிடச் சொன்னபோது பையன்கள் தங்கள் குழுவுக்குக் கூடக் கொடுத்தார்கள். தங்கள் குழுவுக்குக் கிடைக்கும் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, மற்றவர்களைவிட மேலே நிற்க வேண்டும் என்ற போக்கும் தெரிந்தது. சாரத்தைப் பற்றி அந்த ஆய்வு கேட்கவில்லை. ஆனால் கோடு ஒன்றே இவ்வளவு செய்கிறது என்றால், கோட்டோடு காணி, கோயில், கலியாணம், இழப்பு எல்லாம் சேர்ந்தால் என்ன செய்யும்?

வன்னியைப் பாருங்கள். வயல் தண்ணீருக்குச் சண்டை வந்தால் இடதுகரை வாய்க்கால்காரருக்கும் வலதுகரை வாய்க்கால்காரருக்கும் வேறு வேறு குணம் இருக்கும். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் கதை வந்தால் இரு கரையும் சேர்ந்து 'வன்னி மண்' ஆகிவிடும். கொழும்பில் அறை வாடகைக்குத் தேடும்போது வன்னியும் யாழ்ப்பாணமும் ஒரே 'தமிழ் ரத்தம்'. கோடு நகர நகர ரத்தமும் கூடவே நகர்கிறது.

கலியாணப் பேச்சு எண்டா மட்டும் ஏன் இவ்வளவு துருவித் துருவிக் கேக்கினம்?

வெளியாளை வெளியாள் என்று தீர்மானிக்க ஒரு சின்ன அடையாளமே போதும். 'எங்கட ஆள்' என்று உள்ளே எடுக்கத்தான் நிறையச் சான்று வேண்டும். பெல்ஜியத்தில் ஜாக்-பிலிப் லெயன்ஸ், வின்சென்ட் இசெர்பீத் இருவரும் பிரெஞ்சு பேசுவோர், பிளெமிஷ் பேசுவோர் என்ற பிரிவை வைத்து 1992 இல் இதைக் காட்டினார்கள்: ஒருவரைத் தன் கூட்டத்தவர் என்று ஒப்புக்கொள்ள முன் மனிதர் கூடுதலான தகவல் கேட்கிறார்கள். தவறுதலாக வெளியாளை உள்ளே விடுவதைவிட, தவறுதலாக எங்கட ஆளை வெளியே நிறுத்துவது பரவாயில்லை என்ற கணக்கு.

"எந்த ஊர்? தகப்பன் ஆர்? தகப்பன்ர தகப்பன் எவடம்? சாமத்தியச் சடங்குக்கு ஆர் ஆர் வந்தவை?" இது வாசலில் நிற்கும் காவல். கேட்காமல் கேட்கும் கேள்வி என்னவென்று எல்லோருக்கும் தெரியும்: "ஆர் பகுதி?" சாதி என்ற சொல்லை உச்சரிக்காமலே சாதி விசாரிக்க எங்கட தமிழ் கண்டுபிடித்த மரியாதையான வழி.

சாதியைப் பற்றி இன்னொன்று. ராமசாமி மகாலிங்கம் தமிழ்நாட்டில் செய்த ஆய்வுகளில், சாதி பிறப்பிலேயே பதிந்த மாறாத இயல்பு என்ற எண்ணம் மேல்சாதியினரிடம் கூடுதலாகவும், அது வளர்ப்பாலும் சமூகத்தாலும் வருவது என்ற எண்ணம் தலித் மக்களிடம் கூடுதலாகவும் காணப்பட்டது. ஏணியின் மேல்படியில் நிற்பவருக்குப் படிகள் இயற்கையாகத் தெரிகின்றன. கீழே நிற்பவர் அதில் ஆணி அடித்த கையைக் கண்டிருக்கிறார்.

நாங்கள் மூண்டு தலைமுறையா இஞ்ச இருக்கிறம். இன்னும் "இந்தியாக்காரர்" எண்டு சொல்லுகினம். எப்ப நாங்கள் வன்னியார் ஆவம்?

மலையாளபுரத்தைச் சேர்ந்த ஒரு அம்மா கேட்டது. அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் ஆறுதல் இல்லை, ஒரு ஒப்பீடு மட்டும் இருக்கிறது.

1948 பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1977 இனவன்செயலில் அடிபட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள் பலர். ஏறத்தாழ அதற்குச் சற்று முன், 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும், விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தில் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் வந்தார்கள். மிளகாய் நட்டார்கள், காசு கண்டார்கள். இரு கூட்டமும் வெளியிலிருந்து வந்தவை. இரண்டும் வெட்டியது ஒரே காடு. 2009 இறுதிப்போரில் ஒரே பதுங்குகுழிகளில் கிடந்து, பிறகு ஒரே மெனிக் பாம் அகதி முகாம்களில் ஒரே வரிசையில் தண்ணீருக்கு நின்றார்கள்.

வாலிபர் திட்டத்தாரின் பேரப்பிள்ளைகள் இன்று தங்களை வன்னியார் என்கிறார்கள், எவரும் மறுப்பதில்லை. தோட்டத்திலிருந்து வந்தவரின் பேரப்பிள்ளை இன்னும் 'இந்தியா'. வந்த ஆண்டு காரணமென்றால் வித்தியாசம் சில வருடங்கள். கஷ்டப்பட்ட கணக்கென்றால் இவர்கள் பக்கம்தான் கூட. ஆகவே இருக்கும் வித்தியாசம் இந்த ஆக்களுக்குள் இல்லை. அவர்களை உள்ளே எடுத்தால் காணியும் பதவியும் பெண் கொடுக்கலும் பங்கிட வேண்டுமே என்ற யோசனையில் இருக்கிறது. அந்த யோசனை 'ரத்தம்' என்ற பெயரில் நடமாடுகிறது. எப்போது வன்னியார் ஆவீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை, அம்மா.

சரி, அறிவியல்படி ரத்தம் வேற வேறதானே?

வேறுதான். ஏ, பி, ஏபி, ஓ. ஏபி தவிர மற்றவற்றை 1901 இல் லான்ட்ஸ்டைனர் என்ற மருத்துவர் சொன்னார், ஏபி அடுத்த வருடம் தெரியவந்தது. இலங்கையில் எல்லா வகையும் எல்லா ஊரிலும் எல்லாச் சாதியிலும் எல்லா இனத்திலும் உண்டு. உங்கள் சொந்தத் தம்பியின் ரத்தம் உங்களுக்குப் பொருந்தாமல், பதவியாவிலிருந்து வந்து வவுனியா ஆஸ்பத்திரியில் ரத்ததானம் செய்யும் சிங்களவரின் ரத்தம் பொருந்தலாம். மரபணு வேறுபாடுகளை 1972 இல் கணக்கிட்ட ரிச்சர்ட் லெவொன்டின், அவற்றில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒரே மக்கட்கூட்டத்துக்கு உள்ளேயே இருப்பதாகக் கண்டார்.

நான் ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்கிறன். "பெத்ததுகளின்ர குணம் ஒருநாளைக்கு வரும்" எண்டு சனம் சொல்லுது. வருமோ?

போருக்குப் பிறகு இந்தக் கேள்வி வன்னியில் பல வீடுகளில் இருக்கிறது. கேட்கும்போது குரல் தாழ்ந்துதான் வரும்.

முதலில், இப்படி யோசிப்பது உங்கள் அயலவர் மட்டுமல்ல. மேற்கு மொங்கோலியாவில் பிரான்சிஸ்கோ கில்-வைட் மொங்கோலியரிடம் கேட்டார்: கசாக் பெற்றோருக்குப் பிறந்த குழந்தையை மொங்கோலியர் எடுத்து, கசாக்கியரைக் காணாமலே வளர்த்தால் அது யார்? பெரும்பாலானோர் கசாக் என்றே சொன்னார்கள். மறுபுறம் மடகஸ்காரின் மேற்குக் கரையில் வேசோ என்ற மீன்பிடி மக்கள். ரீட்டா அஸ்தூத்தி அவர்களோடு வாழ்ந்து எழுதியிருக்கிறார். ஓடம் விடத் தெரிந்து, நீந்தி, மீன் பிடித்தால் நீ வேசோ. உள்நாட்டுக்குப் போய் அதை மறந்தால் நீ வேசோ இல்லை. ஆகவே பிறப்பே எல்லாம் என்று எல்லா மனிதரும் சொல்வதில்லை. எங்கள் பழமொழிகளே இரு பக்கமும் நிற்கின்றன. "தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்" என்று சொன்ன அதே வாய்தான் "பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும்" என்றும் சொன்னது.

இனி நேரடிப் பதில். உயரம், நிறம், சில நோய்களுக்கான வாய்ப்பு, ஓரளவு சுபாவத்தின் சாயல்கூட, அந்தத் தாய் தகப்பனிடமிருந்து வரலாம். அது எந்தப் பிள்ளைக்கும் பொது; பெற்ற பிள்ளையும் உங்கள் சொல்லைக் கேட்டு நடக்கும் என்று உத்தரவாதம் இல்லையே. ஆனால் "அந்த ஊராற்ற குணம்", "அந்தப் பகுதியாற்ற புத்தி" என்று கூட்டத்தின் பெயரில் ஒன்று ஒளித்திருந்து பதினைந்து வயதில் எழும்பி வராது. பாஷை, சாமி, சாப்பாட்டு ருசி, மரியாதை எல்லாம் உங்கள் குசினியில் படித்தது. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: பிள்ளை ஒரு பிழை விடும்போது ஊர் "பாத்தியளோ" என்று சொல்லும். அதே பிழையை அடுத்த வீட்டுப் பிள்ளை விட்டால் "வயசுக் கோளாறு". அந்தப் "பாத்தியளோ" பிள்ளையின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரொறன்ரோவில பிறந்து தமிழே கதைக்கத் தெரியாத பேரன், தமிழன் தானே?

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பேரனைக் கூட்டிவந்த ஒரு அம்மம்மா இதைக் கேட்டுவிட்டு, நான் வாய் திறக்க முன்னமே "எங்கட ரத்தம்தானே" என்று தானே பதிலும் சொல்லிவிட்டார். கண்ணகி அம்மனுக்கு உப்புநீரில் விளக்கெரிவதைக் கண்டு அந்தப் பையன் கைபேசியை நீட்டிக்கொண்டு நின்றான்.

சாராம்ச நம்பிக்கை எப்போதும் ஆட்களை வெளியே தள்ளும் கருவி என்று எழுதிவிட்டால் அந்த அம்மம்மாவுக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். பாஷை போய்விட்டது, ஊர் போய்விட்டது. பேரனைப் பிடித்துவைக்க அவரிடம் மிஞ்சிய கயிறு அது ஒன்றுதான். நெதர்லாந்தில் மைக்கல் வெர்கோய்டன் மக்களின் பேச்சை ஆராய்ந்து 2003 இல் எழுதியதும் இதைத் தொடுகிறது: சிறுபான்மையினர் தங்கள் அடையாளத்துக்கு அங்கீகாரம் கேட்கும்போது சாரத்தைப் பேசுவார்கள், "நீங்கள் எல்லாரும் இப்பிடித்தான்" என்று மற்றவர் சொல்லும்போது, "நாங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி" என்று அதை மறுப்பார்கள். முரண்தான். நாங்களும் தினமும் அதைத்தான் செய்கிறோம்.

அதே அம்மம்மாவிடம் நான் ஒரு குறும்புக்கேள்வி கேட்டேன்: இங்கே நல்ல தமிழ் கதைத்து, பக்கத்து வீட்டிலேயே வளர்ந்த, வேறு 'பகுதி'ப் பிள்ளை உங்கள் பேத்தியைக் கேட்டு வந்தால்? "அது வேற கதை, தம்பி" என்றார்.

பள்ளிக்கூடத்தில எங்களால செய்யக்கூடிய காரியம் ஏதும் உண்டோ?

ஆசிரியர்கள் இதைக் கேட்கும்போது நான் இலக்கணம் பேசுவேன்.

மார்ஜரி ரோட்ஸும் சக ஆய்வாளர்களும் 2012 இல் வெளியிட்ட ஆய்வில் 'சார்ப்பி' என்ற கற்பனை மக்களைப் பற்றிப் படப்புத்தகம் ஒன்று செய்தார்கள். சிலருக்கு "சார்ப்பிகள் பொறிவண்டுக்குப் பயப்படுவார்கள்" என்று வாசித்தார்கள். வேறு சிலருக்கு "இந்தச் சார்ப்பி பொறிவண்டுக்குப் பயப்படுகிறார்" என்று. முதல் மாதிரிக் கேட்ட நாலு வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும், அது பிறப்பிலேயே வருகிற மாறாத குணம் என்று கூடுதலாக எண்ணினார்கள். யாரும் அவர்களுக்கு வெறுப்பைப் படிப்பிக்கவில்லை. வாக்கியத்தின் வடிவமே வேலையைச் செய்துவிட்டது.

எங்கட தமிழில் இந்த வடிவம் இன்னும் கூர்மையானது. ஒரு கூட்டம் முழுவதையும் ஒரே ஒரு ஆண்பிள்ளையாகச் சுருக்கி விடுவோம்: "யாழ்ப்பாணத்தான் காசை எண்ணுவான்", "வன்னியான் விருந்து வைப்பான்", "சிங்களவன் உப்பிடித்தான்". பெண்கள் காணாமல் போவார்கள், மரியாதை விகுதி காணாமல் போகும், வித்தியாசங்கள் காணாமல் போகும். சொந்தக் கூட்டத்தைச் சொல்லும்போது மட்டும் பெரும்பாலும் 'எங்கட ஆக்கள்', பன்மை. ஆகவே நான் கேட்பது சின்னக் காரியம். "முஸ்லிம் ஆக்கள் இப்பிடிச் செய்வினம்" என்று வாய் வரும்போது, "சந்தியில துணிக்கடை வைச்சிருக்கிற நானா இப்பிடிச் செய்தவர்" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள்.

முஸ்லிம் ஆக்கள் என்றதால் சொல்கிறேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். முல்லைத்தீவில் அதன் பிறகு பிறந்த தமிழ்ப்பிள்ளைகள் ஏறக்குறைய இருபது வருடம் வகுப்பில் ஒரு முஸ்லிம் பிள்ளையைக் காணாமலே வளர்ந்தார்கள். காணாத ஆக்களைப் பற்றிக் கேள்விப்பட்டது எல்லாம் '-ஆன்' விகுதியில்தான்.

இஸ்ரேலில் யூத, அரபுப் பிள்ளைகளிடம் 2011 இல் வெளியான ஆய்வொன்று, தனித்தனிப் பள்ளிகளையும் இருவரும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளையும் ஒப்பிட்டது. பாலர் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளிடமும் சாராம்ச எண்ணம் இருந்தது. ஆறாம் வகுப்பு வரும்போது சேர்ந்து படித்தவர்களிடம் அது குறைந்திருந்தது. அவர்கள் இனத்தை மறந்ததால் அப்படி ஆகவில்லை. வித்தியாசத்தை நன்றாகக் கண்டும் பேசியும் பழகியதால்தான். "எங்கட வகுப்பில இனம், மதம் ஒண்டும் கதைக்கிறேல்லை, எல்லாரும் ஒண்டு" என்று பெருமைப்படும் அதிபர்களுக்கு இது கொஞ்சம் சங்கடம்.

கடைசியா ஒண்டு: சேர், நீங்கள் எந்த ஊர்?

ஒவ்வொரு வகுப்பும் இந்தக் கேள்வியோடுதான் முடியும். அம்மா முள்ளியவளை. அப்பா வடமராட்சியிலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர். நான் பிறந்தது வவுனியா ஆஸ்பத்திரியில், வளர்ந்தது இடம்பெயர்ந்த ஊர்களில் எல்லாம். முள்ளியவளை என்று சொன்னால் பின்வரிசையில் சிலர் நிமிர்ந்து இருப்பார்கள். வடமராட்சி என்றால் முன்வரிசையில் ஒரு சிரிப்பு, "அதுதானே பாத்தன், கதையில தெரிஞ்சது" என்பார் ஒருவர். நாள் முழுக்க நான் கதைத்த அதே கதையில்தான்.

பிறகு யாராவது மெதுவாக, அப்பாவுக்கு வடமராட்சியில் எவடம் என்று தொடங்குவார். நான் வெண்கட்டியைத் தட்டிவிட்டுப் பையைத் தூக்குவேன்.